இடிபாடுகளுக்கு நடுவே மாமியார்

கான்ட்ராக்டர் தன் மாமியாரைச் சாகடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செல்போனில். திட்டம் போட்டுச் செய்த காரியம் இல்லை. மறுமுனையில் பல் டாக்டரம்மா விடாமல் குடைந்துகொண்டிருந்தார்.

"மாடிப்படிக்குக் கைப்பிடி எப்ப வரும்? மாடி பாத்ரூமுக்குக் கதவு எப்ப வரும்? நாளைக்கு ஆள் வருவாங்களா, மாட்டாங்களா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்லக்கூடியவராக இருந்தால் அவர் கட்டட வேலைக்கே வந்திருக்க மாட்டார். மழை, லாரி ஸ்ட்ரைக், மணல் வரத்து இல்லை, கம்பி வளைக்கிற ஆள் ஊருக்குப் போய்விட்டான் என்று கைவசம் இருந்த காரணங்கள் எல்லாம் ஏற்கெனவே இந்த ஒரு வீட்டுக்கே செலவாகியிருந்தன. வாய் தானாகத் திறந்தது.

"டாக்டரம்மா, எப்படிச் சொல்றதுன்னே தெரியல. எங்க மாமியார் தவறிட்டாங்க."

மறுமுனை அப்படியே அடங்கிப்போனது. அந்த அம்மாள் பேச்சை நிறுத்தி அவர் கேட்டதே கிடையாது.

"ஐயோ. எப்போ?"

"விடியக்காலையில."

"எப்படி?"

"தூக்கத்துலயே போயிட்டாங்க." வலியில்லாமல் அனுப்பிவைத்தார். அந்த அளவுக்கு மாமியார் மேல் அவருக்குப் பாசம் உண்டு.

அதே சமயம் பக்கத்து அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மாமியார் குரல் கொடுத்தார். "மாப்பிள்ளை, கப்பல்ல குளிருமா? ஸ்வெட்டர் ஒண்ணு போதுமா, ரெண்டு எடுத்துக்கவா?"

கான்ட்ராக்டர் போனைச் சட்டையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, இரண்டு விரலைக் காட்டினார்.

கப்பல் பயணம் சிமென்ட் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. அதிகமாகச் சிமென்ட் வாங்கிய கான்ட்ராக்டர்களுக்கு ஜோடியாக டிக்கெட். "என் டிக்கெட்டை நான் வாங்கிக்கிறேன், யாருக்கும் பாரமா வரல" என்று மாமியாரும் கிளம்பிவிட்டார். சரி, டாக்டரம்மா வீட்டு வேலையை ஒரு பத்து நாள் தள்ளிப்போட ஒரு பொய். திரும்பி வந்ததும் இரண்டு ஆளை அனுப்பிச் சமாளித்துக்கொள்ளலாம். இதுதான் அவர் கணக்கு.

மூன்றாம் நாள் காலையில் கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றது. மாலைக்குள் கிளம்பிவிடும், அதற்குள் இறங்கிப் போய்ப் பழைய நகரத்தின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வரிசையாகப் பேருந்துகள் வைத்திருந்தார்கள். மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு வழிகாட்டி முன்னால் போக, பின்னால் ஆட்டு மந்தை மாதிரி எல்லோரும் போனார்கள். மாமியார் குடைக்குப் பக்கத்திலேயே நடந்தார். அவருக்கு எதையும் முன்வரிசையில் பார்க்க வேண்டும். கான்ட்ராக்டரின் மனைவி கல்லைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், கடைகளைப் பார்த்தாள், பிறகு கடைகளையே பார்த்தாள்.

கான்ட்ராக்டர் மட்டும் பின்தங்கிவிட்டார். தொழில்புத்தி விடவில்லை. ஒரு சுவரைப் போய்த் தட்டிப் பார்த்தார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பிளேடு நுழையாது போலிருந்தது. சாந்தும் இல்லை, பூச்சும் இல்லை. சிமென்ட் கம்பெனி செலவு செய்து கூட்டிவந்து சிமென்ட் இல்லாத சுவரைக் காட்டுகிறதே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. மூலைமட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"பயப்படாம ஏறுங்க. நம்ம வீட்டுப் படி மாதிரிதான். பிடிக்க ஒண்ணும் இருக்காது."

கான்ட்ராக்டர் சுவர் முனைக்கு நகர்ந்தார். ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தார். வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஆனால் இடுப்பில் கை வைத்து நின்ற விதம் அச்சு அசலாகப் பல் டாக்டரம்மாதான். எங்கேயும் போய்ச் சேராத ஒரு கற்படிக்கட்டில் அவருடைய கணவர் சுவரைத் தடவிக்கொண்டு பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்தார். கணவர் ஒரு ஆடிட்டர். சாதுவான மனிதர். கைப்பிடி இல்லாத மாடிப்படியில் ஏறி இறங்கி, இப்போது சமதரையில்கூட ஏதாவது கிடைக்குமா என்று ஒரு கையைப் பக்கத்தில் நீட்டிக்கொண்டே நடக்கிற அளவுக்கு வந்துவிட்டவர்.

இரண்டு பேர் மார்பிலும் இவர் மார்பில் இருந்த அதே கப்பல் அட்டை தொங்கியது. அதே கப்பல்! ஆயிரக்கணக்கான பேர் வருகிற கப்பலில் மூன்று நாள் கண்ணில் படாமல் இருந்ததுதான் அதிசயம். இன்னும் ஒரு வாரம் அதே கப்பலில் போயாக வேண்டும். குதித்தாலும் கடல்தான்.

அவர் ஓடவில்லை. ஓடினால் தெரிந்துவிடும் என்று வேகமாக நடந்தார். இரண்டு தூணைச் சுற்றி, ஒரு வாசலில் குனிந்து நுழைந்தார். உள்ளே மூன்று பக்கமும் சுவரோடு ஒட்டி நீளமான கல் திண்டு. அதில் வரிசையாக வட்ட ஓட்டைகள். என்ன இடம் என்று யோசிக்க நேரமில்லை. ஒரு ஓட்டை மேல் உட்கார்ந்து, கையிலிருந்த வரைபடத்தை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பச்சைக் குடை கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தது. பழைய காலத்தில் இதுதான் ஊர்ப் பொதுக் கழிப்பறை, பெரிய மனிதர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் விவகாரம் பேசிக்கொண்டே காரியத்தை முடிப்பார்கள் என்று வழிகாட்டி சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். செய்துகாட்டுவதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் இன்னும் சிரித்தார்கள். வரைபடத்துக்குப் பின்னால் காமிராச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த நாட்டுச் செய்தித்தாள் படிக்கிற மாதிரியே அசத்தலாக உட்கார்ந்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் யாரோ பாராட்டினார்கள்.

"நீங்களும் அவர் பக்கத்துல உக்காருங்க. ஒரு போட்டோ எடுக்குறேன்."

டாக்டரம்மாவின் குரல். கான்ட்ராக்டர் வரைபடத்தை இன்னும் மேலே தூக்கினார். ஆடிட்டர் தயங்கித் தயங்கி வந்து அடுத்த ஓட்டையில் உட்கார்ந்தார். தோளோடு தோள் உரசியது.

"சிரிங்க."

"இங்க உக்காந்து என்னத்தைச் சிரிக்கிறது?"

"சார், ப்ளீஸ், மேப்பைக் கொஞ்சம் இறக்குறீங்களா?" என்று டாக்டரம்மா அதை ஆங்கிலத்தில் கேட்டார். கான்ட்ராக்டர் வரைபடத்தை இறக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டினார். "வெக்கப்படுறார் பாவம்" என்று டாக்டரம்மா தமிழில் சொல்லிக்கொண்டு படத்தை எடுத்தார். எழுந்து போகிற நேரத்தில் ஆடிட்டர் ஒரு வினாடி நின்று, கீழே கான்ட்ராக்டரின் செருப்பைப் பார்த்தது வரைபடத்தின் அடியில் தெரிந்தது. அதன் வாரில் வெள்ளைச் சிமென்ட் காய்ந்து போயிருந்தது. கப்பலுக்கு என்று புதுச் செருப்பு வாங்கச் சொன்ன மனைவியின் பேச்சை அவர் கேட்டிருக்கலாம். ஆடிட்டர் கூட்டத்தோடு வெளியே போய்விட்டார்.

கூட்டம் ஓய்ந்ததும் கான்ட்ராக்டர் வெளியே பாய்ந்தார். இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். மாமியாரைத் தேடிப் பிடித்து, தலைவலி, மயக்கம், எதையாவது சொல்லிப் பேருந்தில் ஏற்றிவிட வேண்டும். பிறகு கப்பல் அறையைவிட்டு ஒரு வாரம் வெளியே விடக் கூடாது. எப்படி என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரிவில் ஒரு பெரிய அரங்கம் இருந்தது. மலையையே வெட்டி, அரைவட்டமாகப் படிப்படியாய் இருக்கைகள். கீழே நடுவில் வட்டமான ஒரு தளம். அந்தத் தளத்தின் நடுவில் பதித்திருந்த வட்டக் கல்லின் மேல் அவர் மனைவி தனியாக நின்று, வாங்கிய வளையலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யார் நின்றாலும் அவர்கள் பேசுவது எல்லா வரிசைக்கும் போய்ச் சேரும் என்று மஞ்சள் குடைக்காரர் சொன்னபோது, கான்ட்ராக்டர் கழிப்பறையில் இருந்தார்.

அவர் மனைவியின் காதருகே போய் நின்று கிசுகிசுத்தார்.

"உங்கம்மா எங்க?"

"என்னங்க, எங்க போயிட்டீங்க? ஏன் இப்படி வேர்த்து..."

"மெதுவா பேசு. பல் டாக்டரம்மா வந்திருக்கு. புருஷனோட. நம்ம கப்பல்தான்."

"வந்தா என்ன? பேசிட்டு வர வேண்டியதுதானே?"

"எப்படிப் பேசுறது? உங்கம்மா செத்துட்டாங்கன்னு அதுகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

மனைவியின் வாய் திறந்தபடி நின்றது.

"வேற வழி தெரியலம்மா. நச்சரிப்பு தாங்கல. இப்ப அந்தப் பொம்பளை கண்ணுல படறதுக்குள்ள உங்கம்மாவை எங்கயாவது மறைச்சு வைக்கணும். சீக்கிரம் சொல்லு, எங்க இருக்காங்க?"

மனைவி மேலே பார்த்தாள். கான்ட்ராக்டரும் பார்த்தார்.

ஆக உச்சி வரிசையில், நிழலில், மாமியார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெள்ளைத் தொப்பி. அடுத்து ஆடிட்டர். அந்நிய தேசத்தில் தமிழ்க்குரல் கேட்டதும் மாமியாரே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறார். மடியில் பிரித்த பிஸ்கட் பொட்டலம். மூன்று பேரும் கீழே இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடிட்டரின் பிஸ்கட் வாய்க்குப் போகிற வழியில் நின்றிருந்தது.

"நான் எப்ப மாப்பிள்ளை செத்தேன்?" என்று மேலேயிருந்து மாமியார் கேட்டார். அவருக்குக் கல்லின் உதவி எல்லாம் தேவைப்படவில்லை.

கான்ட்ராக்டர் படியேறத் தொடங்கினார். அந்தப் படியிலும் கைப்பிடி இல்லை. வழியில் நிற்கலாமா என்றுகூட நினைத்தார். பின்னால் மனைவி ஏறி வந்துகொண்டிருந்தாள். அவளைத் தாண்டி இறங்குவதைவிட மேலே இருப்பவர்களே மேல் என்று தோன்றியது.

"கான்ட்ராக்டர்" என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. "நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லி எவ்வளவு பெரிய மெசேஜ் அனுப்பினேன்!"

"பாத்தேன் டாக்டரம்மா. மனசுக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு."

"ஆறுதலாவா?"

மாமியார் கையைக் காட்டி டாக்டரம்மாவை நிறுத்தினார். "இருங்கம்மா. நான் கேக்குறேன். செத்தவ நான்தானே." மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "எப்படிச் செத்தேன்?"

"தூக்கத்துல அத்தை."

"ஆஸ்பத்திரிக்குக்கூடக் கூட்டிட்டுப் போகலியா?"

"அதுக்கு நேரமில்ல."

"சாப்பிட்டுட்டுத் தூங்கினேனா, சாப்பிடாமலா?"

அதையெல்லாம் கான்ட்ராக்டர் யோசித்திருக்கவில்லை. "சாப்பிட்டுட்டுத்தான்."

"ஏன், உங்கப்பாவைச் சொல்லியிருக்கலாமே? அவருக்கு என்னைவிட வயசு அதிகம்."

"அவரை வேற ஒரு வீட்டுக்காரருக்குச் சொல்லிட்டேன் அத்தை. போன வருஷமே."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி ஒரு புளுகனிடம் வீட்டை ஒப்படைத்தோமே, மனசாட்சி என்று ஒன்று கிடையாதா, ஒரு உயிரை வைத்தா விளையாடுவது என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். கான்ட்ராக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மனதில் ஒரு ஓரத்தில் இது நியாயம்தான் என்று அவருக்கே பட்டது.

"ஆனா நாமளும் அதே சாவைத்தானே சொன்னோம்" என்றார் ஆடிட்டர்.

டாக்டரம்மா சட்டென்று நிறுத்தினார். "நீங்க சும்மா இருங்க."

"இல்ல, இவரை மட்டும் சொல்றதுல..." ஆடிட்டராக இருந்தும் அந்த மனிதருக்கு எதையும் மறைக்க வராது. "என் தங்கச்சி பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். அது நேத்து. நாங்க கப்பலுக்குப் பதிவு பண்ணிட்டோம். போகலன்னா தங்கச்சி சண்டை போடுவா. அப்பதான் நீங்க போன்ல அந்தச் சேதியைச் சொன்னீங்க. நெருங்கினவங்க வீட்டுல சாவு, நகர முடியாதுன்னு சொல்லிட்டோம்."

"எந்தச் சாவு?" என்று மாமியார் கேட்டார்.

"உங்க சாவுதாம்மா."

டாக்டரம்மாவின் முகம் தொப்பிக்கு அடியில் சிவந்துபோனது. மாமியார் நிதானமாக ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். "ஆக, ரெண்டு வீட்டுக்கு உபயோகப்பட்டிருக்கேன்" என்றார்.

"உங்களைக் கழிப்பறையிலயே அடையாளம் தெரிஞ்சுது" என்று ஆடிட்டர் கான்ட்ராக்டரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "அங்க உக்காந்திருக்குற மனுஷன்கிட்ட எப்படிப் பேசுறதுன்னு விட்டுட்டேன்."

அந்த நேரம் பார்த்து ஆடிட்டரின் போன் அடித்தது. திரையைப் பார்த்தார். தங்கச்சி. டாக்டரம்மா எடுக்காதீர்கள் என்று கையை ஆட்டுவதற்குள் பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டார்.

"ஆ, சொல்லும்மா... ஆமா... இங்கதான் இருக்கோம்... இல்ல, அது வந்து, கல்லு... கல்லா நிறைய இருக்கு..." அவர் மென்று முழுங்கினார். பிறகு போனைப் பொத்திக்கொண்டு கலவரத்தோடு நிமிர்ந்தார். "அந்த வீட்டு ஆளுங்க யாராவது பக்கத்துல இருந்தா குடுங்கறா. ரெண்டு வார்த்தை துக்கம் கேக்கணுமாம்."

டாக்டரம்மா கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மாமியார் கையிலிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு, "இப்படிக் குடுங்க" என்று போனை வாங்கிக்கொண்டார்.

"ஆமாம்மா. நான் செத்தவளோட அக்கா பேசுறேன்." குரல் கரகரத்தது. "என்னத்தைம்மா சொல்ல. முந்தின நாள் வரைக்கும் நல்லாத்தான் நடமாடிட்டு இருந்தா. தங்கமானவ. யாருக்கும் ஒரு பாரமா இருந்ததில்ல. எங்க போனாலும் தன் செலவைத் தானே பாத்துப்பா. மருமகனை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல."

கான்ட்ராக்டருக்கு இருமல் வந்தது.

"மருமகனா? அவர்தான் பாவம், பச்சைக் குழந்தையாட்டம் தேம்பித் தேம்பி அழுறார். இந்தா, நீங்களே கேளுங்க." போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, கண்ணால் அதட்டினார்.

கான்ட்ராக்டர் அழுதார். முதலில் சரியாக வரவில்லை, பூனை மாதிரிதான் வந்தது. மாமியாரின் கண் இன்னும் பெரிதானதும் நன்றாகவே வந்துவிட்டது. இரண்டு வரிசை கீழே உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பதறிப்போய்த் திரும்பினார்கள். அந்த அம்மாள் எழுந்து வந்து ஒன்றும் பேசாமல் அவர் கையில் ஒரு டிஷ்யூவை வைத்து, தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

மாமியார் போனைத் திரும்பக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் ஆடிட்டரின் தங்கை ஏதோ நீளமாகப் பேசினாள். மாமியார் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தார். பிறகு "ம்"மும் நின்றுபோனது. "சரிம்மா. பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி முடித்து, போனைக் கொடுத்தார். கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன சொன்னா?" என்று டாக்டரம்மா பயத்தோடு கேட்டார்.

"அழுதா. அவங்கம்மா போனப்ப இப்படித்தான் சொல்லாம கொள்ளாம போயிட்டாங்களாம். நிச்சயத்துக்கு வராதது ஒண்ணும் பெருசில்ல, போனவங்க திரும்பி வர மாட்டாங்க, அண்ணியை அங்கயே கூட இருந்து பாத்துக்கச் சொல்லுங்கன்னா." மாமியார் கீழே அந்த வட்டக் கல்லைக் காட்டினார். "என்னைக் கண்ணால பாத்ததில்ல. எனக்காக அழுதா. நான் பெத்தது அங்க நின்னு வளையலைப் பாத்துட்டு இருந்துச்சு."

மனைவி வளையலைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். டாக்டரம்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கட்டடம் கட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற பொய்தான் இது, சிமென்டோடு மணல் கலக்கிற மாதிரி என்றே கான்ட்ராக்டர் அதுவரை நினைத்திருந்தார். எவ்வளவு கலக்கிறோம் என்று பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று இப்போது பட்டது.

"தப்புத்தான் அத்தை" என்றார். "டாக்டரம்மா, உங்களுக்கும்தான். மன்னிச்சிருங்க."

"நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல" என்று டாக்டரம்மா முணுமுணுத்தார். "ஊருக்குப் போனதும் முதல்ல நாத்தனார்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடுறேன்."

"சொல்லாதீங்க" என்றார் மாமியார். "இந்த நேரத்துல அவ மனசை ஏன் இன்னொரு தடவை உடைக்கணும்? நான் அக்காவாவே இருந்துட்டுப் போறேன். நீங்க போய் அந்தப் பொண்ணுக்கு நல்லதா ஏதாவது செய்ங்க." பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். "போனை எடுங்க."

"யாருக்கு அத்தை?"

"உங்க மேஸ்திரிக்கு. கைப்பிடியும் கதவும் நாளைக்கே இறங்கணும்னு சொல்லுங்க. இங்க, என் முன்னாடி. நாம ஊருக்குத் திரும்பினதும் நான் நேரா இவங்க வீட்டுக்குப் போயிடுவேன். வேலை முடியற வரைக்கும் அங்கதான் இருப்பேன்."

"வெயில்ல நீங்க எதுக்கு அத்தை..."

"செத்தவளுக்கு வெயில் என்ன, மழை என்ன? போனை எடுங்க."

எடுத்தார். கீழே மஞ்சள் குடையும் பச்சைக் குடையும் சேர்ந்து ஆடி, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டன. டாக்டரம்மா மாமியாரின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். ஆடிட்டர் கான்ட்ராக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அன்று ராத்திரி முதல் ஐந்து பேருக்கும் ஒரே சாப்பாட்டு மேஜை.

மாமியார் சொன்னபடியே செய்தார். டாக்டரம்மா வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, இரண்டு ஸ்வெட்டரில் ஒன்றை மடித்து முதுகுக்கு வைத்து உட்கார்ந்துகொண்டார். வேலைக்காரர்களுக்கு நேரத்துக்கு டீ வந்தது. டீக்குப் பிறகு பீடி பிடிக்கிற நேரம் மட்டும் வரவில்லை. கதவு வந்தது, கைப்பிடி வந்தது, யாரும் கேட்காத ஒரு அலமாரிகூட வந்தது. வேலை நடக்கிற வீடு ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கான்ட்ராக்டரின் மற்ற வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். போகும்போது நாற்காலியில் இருந்தவரின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்போதெல்லாம் கான்ட்ராக்டருக்கு அவ்வளவாகப் போன் வருவதில்லை. போன வாரம் புது வீட்டுக்காரர் ஒருவர் கூப்பிட்டு, பிளம்பர் ஏன் வரவில்லை என்று சத்தம் போட்டார். கான்ட்ராக்டர் வாயைத் திறப்பதற்குள் மாமியார் கையை நீட்டிப் போனை வாங்கிவிட்டார்.

"பிளம்பருக்குக் காய்ச்சல் தம்பி. இல்ல, நிஜமாவே காய்ச்சல். நான் வீட்டுக்கே போய் நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன். நாளைக்கு வர மாட்டான், வியாழக்கிழமை வருவான்."

வியாழக்கிழமை வந்தான்.